ஸ்டாண்டர்டு ஹெரால்டைத் திறந்த ஸ்போர்ட்ஸ் காராக மாற்றுவது: வீட்டு ஷெட்டில் எங்கே தொடங்குவது?

அடிவாரத்தான் (கொண்டப்பநாயக்கன்பட்டி, சேலம்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் குடோனில் பல வருஷமாக நின்றிருந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று விலைக்கு வந்தது. இரண்டு கதவு, 948 சி.சி. எஞ்சின். யோசிக்காமல் வாங்கி, டெம்போவில் ஏற்றிக் கீழே இறக்கிவிட்டேன். கூரை மேல் மிளகு மூட்டை அடுக்கியிருந்ததால் ஒரு பக்கம் நல்ல பள்ளம். டிரைவர் பக்கத் தரையில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. எஞ்சின் சுற்றவில்லை. ஆர்.சி. புக் இருக்கிறது, எஃப்.சி. எப்போதோ முடிந்துவிட்டது.

என் ஆசை இதுதான்: கூரையை எடுத்துவிட்டு இங்கிலாந்தின் பழைய இரண்டு சீட்டு ட்ரயம்ப் ஸ்பிட்ஃபயர் மாதிரி திறந்த காராக்க வேண்டும். காரின் உயரத்தையும் கொஞ்சம் இறக்க வேண்டும். இரட்டை கார்புரேட்டர் போடலாமா, இல்லை மாருதி எஞ்சினே வைத்துவிடலாமா என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏற்காடு ஏறி ஒரு காபி குடித்துவிட்டு இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டு முன்னால் தகர ஷெட் இருக்கிறது. ஸ்பேனர் செட், ஜாக்கி, சின்ன ஆர்க் வெல்டிங் மெஷின் இருக்கின்றன. ஷிப்ட் வேலை என்பதால் பகலில் நேரம் கிடைக்கும். வீட்டம்மா போட்ட ஒரே நிபந்தனை, மழை தொடங்கும் முன் ஸ்கூட்டி நிறுத்த இடம் வேண்டும் என்பது. பார்த்த மெக்கானிக் ஒருவர், "கிரைண்டர் எடுத்து அரை நாளில் கூரையை அறுத்துத் தருகிறேன்" என்கிறார். தரலாமா?

லேத்துக்காரர் (செவ்வாய்ப்பேட்டை) எழுதியது:

தம்பி, கிரைண்டரோடு யாரையும் ஷெட் பக்கம் விடாதீர்கள். ஹெரால்டின் கூரையை அறுக்கத் தேவையே இல்லை, அது போல்ட்டில்தான் நிற்கிறது. முன் கண்ணாடிச் சட்டத்தின் மேல் விளிம்பிலும் பின்னால் டிக்கி ஓரத்திலும் போல்ட்டுகள் இருக்கும், உள்ளே லைனிங்கை இறக்கினால் தெரியும். இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு காலைப்பொழுதில் கழற்றிச் சுவரில் சாத்திவிடலாம். பள்ளத்தை அப்புறம் தரையில் வைத்து நிதானமாக டிங்கர் தட்டலாம்.

இந்தக் கார் இப்படிப் பிறந்ததற்கு ஒரு கதை உண்டு. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு-ட்ரயம்ப் கம்பெனிக்கு பாடி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ, 1953இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. கைக்குப் போய்விட்டது. முழு பாடியை ஒரே துண்டாக அடிக்க ஆள் இல்லை. அதனால் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) போட்டு, பாடியைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் அடித்து வாங்கி, போல்ட்டில் பூட்டினார்கள். படம் வரைந்தவர் இத்தாலியின் ஜொவானி மிக்கெலொட்டி. 1959இல் அங்கே வந்தது, 1961இல் நம் மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் செய்ய ஆரம்பித்தது. 1962இல் அதே சேஸிஸை, 2324 மி.மீ. வீல்பேஸிலிருந்து (முன், பின் சக்கர இடைவெளி) 2108க்குச் சுருக்கி மேலே இரண்டு சீட்டு வைத்ததுதான் ஸ்பிட்ஃபயர். ஆக நீங்கள் வாங்கியிருப்பது ஸ்பிட்ஃபயருக்கு மூத்த அண்ணன்.

கூரை இல்லாமல் ஓட்டலாம். சேஸிஸ் தனி என்பதால் கார் நடுவில் தொங்காது, அங்கே கம்பெனியே திறந்த ஹெரால்டு விற்றது. ஆனால் கழற்றும் முன் கதவைச் சுற்றியுள்ள இடைவெளியை நான்கு மூலையிலும் அளந்து எழுதி வையுங்கள். சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் அரித்திருந்தால், கூரையை எடுத்ததும் கதவு இறங்கிக் காட்டிக்கொடுக்கும்.

இனி முக்கியமானது. கார்புரேட்டர், எஞ்சின் எல்லாம் கடைசி. முதலில் முன் சக்கரத்தின் ட்ரன்னியனைப் பாருங்கள். சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் கீழ்முனையில் மரை இருக்கும். அது ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையில்தான் சுழலும். அதற்கு கம்பெனி சொன்னது 90 நம்பர் கியர் ஆயில். நம் ஊரில் எல்லோரும் கிரீஸ் அடித்தார்கள். கிரீஸ் மரையின் அடிவரை போகாது, தண்ணீர் தேங்கும், தண்டு மரையின் பள்ளத்தில் துருப்பிடித்துக் கீறல் விடும். ஒரு நாள் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, மெதுவாகத்தான் திரும்புவீர்கள், தண்டு முறிந்து சக்கரம் காருக்கடியில் மடங்கிவிடும். ஏற்காடு ரோட்டில் கொண்டை ஊசி வளைவு 20. ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்காமல் மேலே போக முடியாது.

குடோனில் நின்ற கார் என்றால் இரண்டு பக்கத்தையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துவிடுங்கள். தண்டை டீசலில் கழுவி, கீறல் காட்டும் சிவப்பு டை ஸ்பிரே அடித்துப் பாருங்கள். மயிரிழைக் கீறல் இருந்தாலும் அந்தத் தண்டு பழைய இரும்புக் கடைக்கு. வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். வெண்கலக் கட்டை மட்டும் தேய்ந்திருந்தால் கன்மெட்டல் என்ற வெண்கல வகையில் கடைந்து தரலாம், சேலத்தில் அதற்குக் கைகள் உண்டு.

அடுத்தது பின்பக்கம். ஹெரால்டில் பின்னால் முழு ஆக்ஸில் கிடையாது. எஞ்சின் பலத்தை இரண்டு பின் சக்கரத்துக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் நடுவில் சேஸிஸோடு நிற்கும், இரண்டு பக்கத்து அரை ஆக்ஸிலும் மேலும் கீழும் ஊசலாடும், எல்லாவற்றையும் குறுக்கே கிடக்கும் ஒரே ஸ்பிரிங் கட்டு தாங்கும். வேகமாக ஒரு வளைவுக்குள் போய், பயந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் மேலே எழும்பும். வெளிச் சக்கரம் உள்பக்கமாக மடியும், வால் வெளியே வீசும். இறக்கத்தில் இது வேடிக்கை அல்ல. 1970இல் வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 4இல் அந்த ஸ்பிரிங்கையே மாற்றினார்கள்: கீழ்ப் பட்டையை மட்டும் இறுக்கிவிட்டு மேல்பட்டைகள் அச்சில் ஆடும்படி விட்டார்கள், முன்னால் ஆன்டி ரோல் பாரை (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) தடிமனாக்கினார்கள். இங்கே 1972இல் வந்த கசெல் காரில் அந்த ஊசல் ஆக்ஸிலையே விட்டுவிட்டு நேர் ஆக்ஸில் போட்டார்கள். உங்களுக்கு இப்போதைக்கு எளிய வழி, சங்ககிரிப் பக்கம் லாரிக்குப் பட்டை அடிக்கும் பட்டறையில் ஸ்பிரிங் கட்டைக் கொடுத்து வளைவைக் கொஞ்சம் குறைத்து வாங்குவது. இரண்டு பேர் உட்கார்ந்தபின் பின் சக்கரத்தின் மேல் விளிம்பு லேசாக உள்ளே சாய்ந்து நிற்க வேண்டும். காரை இறக்கும் உங்கள் ஆசையும் அதிலேயே நிறைவேறும்.

தரைக்கு 20 கேஜ் சி.ஆர். ஷீட் (சாதா இரும்புத் தகடு) போதும். சேலத்துக்காரர் என்பதால் ஸ்டெயின்லெஸ் போடச் சொல்லி நாலு பேர் வருவார்கள். போடாதீர்கள். வெல்டிங் சூட்டில் அது அதிகம் விரிந்து நெளியும், ஒட்டியிருக்கும் சாதா இரும்பை ஈரத்தில் சீக்கிரம் அரிக்க வைக்கும். ஸ்டெயின்லெஸ் சைலன்சர் குழாய்க்கு அருமை, அங்கே வைத்துக்கொள்ளுங்கள். ஆர்க் மெஷினை ஷீட் பக்கம் கொண்டுபோகாதீர்கள், ஓட்டைதான் விழும். மெல்லிய தகட்டுக்கு ஏற்ற மிக் வெல்டிங் மெஷினை வாடகைக்கு எடுங்கள்.

எஞ்சினைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

ஆர்.டி.ஓ. வாசல் (அஸ்தம்பட்டி) எழுதியது:

லேத்துக்கார ஐயா சொன்ன மெக்கானிக் வேலையில் நான் தலையிடவில்லை. காகித வேலை செய்பவன் என்பதால் அந்தப் பக்கம் மட்டும்.

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதனால் வேறு எஞ்சின் வைப்பது என்றால் முதலில் ஆர்.டி.ஓ. அனுமதி, அப்புறம்தான் ஸ்பேனர். எஞ்சின் நம்பர் ஆர்.சி.யோடு ஒத்துப்போகாத கார், விபத்து நடந்தால் இன்சூரன்ஸில் பெரிய தலைவலி.

இன்னொன்று. 2021இல் மத்திய அரசு விண்டேஜ் வாகன விதி கொண்டுவந்தது. 50 வருஷம் தாண்டிய கார், சேஸிஸ், பாடி, எஞ்சின் பெரிதாக மாற்றப்படாமல் இருந்தால் வி.ஏ. எழுத்துடன் பதிவு செய்யலாம். 10 வருஷம் செல்லும். புதிதாக எடுக்க 20,000 ரூபாய், புதுப்பிக்க 5,000. ஆனால் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று கணக்காகத்தான் வெளியே எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காபி இதில் வராது. உங்களுக்குச் சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பதுதான் சரி. முதலில் பெயர் மாற்றத்தை முடியுங்கள். எஸ்டேட்காரர் கையெழுத்து இருக்கும்போதே வாங்குங்கள், வாரிசுகளைத் தேடி அலையும் நிலைக்கு விடாதீர்கள்.

போல்ட்டில் கழற்றிய கூரையைப் பத்திரமாக வையுங்கள். ஆர்.சி.யில் பாடி வகை சலூன், அதாவது கூரை போட்ட மூடிய கார், என்றுதான் இருக்கும். எஃப்.சி.க்குப் போகும்போது கார் ஆர்.சி.யில் உள்ளபடிதான் நிற்க வேண்டும், ஸ்பிட்ஃபயர் படத்தைக் காட்டினால் நடக்காது. நிரந்தரமாகத் திறந்தே ஓட்டுவதானால் அதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஓம்னி இதயம் (ஒண்டிக்கடை, ஏற்காடு) எழுதியது:

எல்லோரும் பயமுறுத்துகிறீர்களே! நான் என் ஹெரால்டில் அனுமதி வாங்கி மாருதி ஓம்னி எஞ்சின் போட்டு மலையில்தான் ஓட்டுகிறேன். 796 சி.சி., எடை குறைவு, நெடுக்கே உட்காரும் எஞ்சின், பின் சக்கரத்துக்குத் தள்ளும் கியர்பாக்ஸ், பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். மாருதி எஸ்டீம் எஞ்சினை ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள், அது குறுக்கே உட்கார்வது. அந்த 1.3 எஞ்சின்தான் வேண்டும் என்றால் ஜிப்சியிலிருந்து கியர்பாக்ஸோடு எடுக்க வேண்டும். அந்த பலத்தை ஹெரால்டின் டிஃபரன்ஷியல் எத்தனை நாள் தாங்கும் என்பது உங்கள் வலது காலைப் பொறுத்தது.

பழைய கியர்பாக்ஸில் முதல் கியருக்கு சிங்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) கிடையாது. வளைவில் முன்னால் பஸ் நின்றால் டபுள் கிளட்ச் போட்டு, அதாவது நடுவில் நியூட்ரலில் விட்டு கிளட்சை இரண்டு முறை மிதித்து, முதலுக்கு இறங்கப் பழக வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

லேத்துக்காரர் எழுதியது:

ஒண்டிக்கடைக்காரர் சொல்வதில் பாகம் கிடைப்பது உண்மை. மற்றது ருசி. எனக்கு ஹெரால்டின் முழு மூக்கும் முன்னால் கவிழ்ந்து திறக்கும்போது உள்ளே ஓம்னி எஞ்சினைப் பார்க்க மனசு வராது.

சிக்கிய எஞ்சினுக்கு: ப்ளக்கைக் கழற்றி நான்கு சிலிண்டரிலும் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். பிறகு நாலாவது கியரில் போட்டு, காரை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். ஸ்டார்ட்டரை மட்டும் தொடாதீர்கள். சுற்ற ஆரம்பித்ததும் ஒருவரை கிளட்ச் மிதிக்கச் சொல்லி, முன்னால் கிராங்க் புல்லியை (கிராங்க் தண்டின் முனையில் பெல்ட் ஓடும் சக்கரம்) கவனியுங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு முன்பின் நகர்ந்தால் பின் மெயின் பேரிங்கில் இருக்கும் கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் பிறை வடிவ த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது, இல்லை கீழே விழுந்துவிட்டது. அதோடு ஓட்டினால் கிராங்கும் பிளாக்கும் போகும். 0.1 முதல் 0.2 மி.மீ. வரை ஆட்டம் சரி.

ஹெட்டைத் திறப்பதானால் எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கடினமான சீட் போட்டுவிடுங்கள். 2000ஆம் ஆண்டிலிருந்து ஈயம் இல்லாத பெட்ரோல்தான், பழைய வார்ப்பிரும்பு சீட்டை அது தேய்க்கும். இப்போது எத்தனால் கலந்த இ20 வேறு. பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப் டயஃப்ரம் எல்லாம் ஊறி நொந்துபோகும், எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் ஹோஸ் கசிவதை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இரட்டை எஸ்.யு. கார்புரேட்டர் நியாயமான ஆசைதான். இங்கிலாந்தில் ஹெரால்டின் 948 கூப்பே காரில் கம்பெனியே அதைப் போட்டு 34.5 குதிரைத்திறனை 45 ஆக்கியது. ஆனால் ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். சேலத்தில் சரியாக ட்யூன் செய்தது மேலே போனால் காற்று குறைந்து பெட்ரோல் கூடி ஓடும், ப்ளக் கறுக்கும். மேலே வைத்துச் சரிசெய்தால் கீழே வறண்டு ஓடிச் சூடேறும். கீழே ட்யூன் செய்துவிட்டு மேலே கொஞ்சம் சோர்வதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால் பிரேக். நான்கும் டிரம்தான். ஸ்பிட்ஃபயரில் வந்த முன் டிஸ்க் அமைப்பு கிடைத்தால் இதே சஸ்பென்ஷனில் பூட்டலாம். அது வரும்வரை இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள்.

அடிவாரத்தான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கிரைண்டருக்குச் சொல்லிவிட்டேன், வர வேண்டாம் என்று. எஸ்டேட்காரரிடம் கையெழுத்துக்கு இந்த வாரமே போகிறேன். எஞ்சின் பழையதே இருக்கட்டும்.

ஐயா, இன்று ஜாக்கி வைத்து முன் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தேன், வலது பக்கம் மேலும் கீழும் நன்றாக ஆடுகிறது. ட்ரன்னியனைக் கழற்றினால் உங்களிடம் கொண்டுவரலாமா? இரண்டும் ஒரே அளவுதானே, ஒன்று மட்டும் கொண்டுவந்தால் போதுமா?

லேத்துக்காரர் எழுதியது:

போதாது. ஒரு பக்கம் வலது மரை, இன்னொரு பக்கம் இடது மரை. இரண்டையும் அதனதன் தண்டோடு, கலந்துவிடாமல் தனித்தனிப் பையில் பெயர் எழுதிக் கொண்டுவாருங்கள். ஆடுவது வீல் பேரிங்காகவும் இருக்கலாம், ஒருவரை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் அப்போதும் இருந்தால் கீழே ட்ரன்னியனில்தான். ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். செவ்வாய்க்கிழமை பட்டறை லீவு, மற்ற நாள் பத்து மணிக்கு மேல் வாருங்கள்.