1978 லாண்ட் குரூஸர் 2எப் எஞ்சினை ஈ.எப்.ஐ. முறைக்கு மாற்றலாமா?

கோப்பாய் வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1978ஆம் ஆண்டு ரொயோட்டா எப்ஜே40 லாண்ட் குரூஸர் ஒன்று உள்ளது. அதனுடனேயே வந்த 2எப் எஞ்சின்தான் இன்றும் ஓடுகிறது: நேர்வரிசையில் ஆறு சிலிண்டர், 4.2 லீற்றர், இரட்டைக் குழல் காபரேற்றர். கொம்பிரஷன் ஆறு சிலிண்டரிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கிறது, எண்ணெய் குடிப்பதில்லை. சிக்கல் முழுவதும் பெற்றோல் பக்கத்தில்தான். மத்தியான வெயிலில் யாழ்ப்பாணம் டவுனுக்குள் ஓடி, வாகனத்தை நிறுத்திக் கடைக்குள் போய்வந்து திறப்பைத் திருப்பினால் எஞ்சின் இலகுவில் ஸ்ராட் ஆவதில்லை. பொனற்றைத் திறந்தால் பச்சைப் பெற்றோல் மணம் மூக்கில் அடிக்கிறது. நுவரெலியாவுக்குப் போனபோது ஏற்றத்தில் கரும்புகை தள்ளி, இழுவையும் குறைந்துவிட்டது.

ஆகவே, கொம்பியூட்டர் அளவைத் தீர்மானித்து இன்ஜெக்டரால் பெற்றோலைத் தெளிக்கும் ஈ.எப்.ஐ. முறைக்கு மாற நினைக்கிறேன். காபரேற்றரைக் கழற்றி, அதே இடத்தில் இன்ஜெக்டர் பொருத்திய திறொட்டில் பொடி (உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) வைப்பதா, அல்லது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இன்ஜெக்டர் வைப்பதா என்று முடிவெடுக்க முடியாமல் இருக்கிறேன். இந்த வேலையைச் செய்து பார்த்தவர்கள் வழிகாட்டினால் உதவியாக இருக்கும்.

நல்லூர் கராஜ் எழுதியது:

தம்பி, உங்கள் ஆர்வத்துக்குக் குறுக்கே நிற்பதற்காக இதை எழுதவில்லை. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், ஒரு சொட்டுப் பெற்றோலைக் காட்டி ஸ்ராட் செய்துவிட்டு மிகுதித் தூரம் முழுவதையும் மண்ணெண்ணெயில் ஓடிய வாகனங்களைப் பழுதுபார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். கையில் ஒரு ஸ்குரூ டிரைவர் இருந்தால் வீதியோரத்திலேயே சரிசெய்யக்கூடிய பொருள் காபரேற்றர். அதைக் கழற்றி எறிவதற்கு முன்னர் அது உண்மையில் பழுதா என்று பாருங்கள்.

முதலில் திறொட்டில் தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அந்த இடைவெளியால் கள்ளக் காற்று உள்ளே போகிறது என்று பொருள். எந்த ஜெற் (பெற்றோலை அளந்து விடும் சிறு துளை) மாற்றினாலும் அது சரிவராது, தண்டுக்கு புஷ் (உள்வளையம்) அடித்தாக வேண்டும். அடுத்ததாக, காபரேற்றருக்கும், கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொண்டுபோகும் குழாயான மெனிபோல்டுக்கும் இடையிலுள்ள வெப்பத் தடுப்புக் கட்டையைப் பாருங்கள். முன்பு யாராவது கழற்றியபோது அதை விட்டுவிட்டு வெறும் கஸ்கற்றை மட்டும் வைத்துப் பூட்டியிருந்தால், நீங்கள் சொல்கிற பெற்றோல் கொதிப்பு நிச்சயம் வரும். வால்வு இடைவெளியையும் எஞ்சின் சூடாக இருக்கும்போது அளந்துவிடுங்கள்: உள்ளெடுப்புக்கு 0.20 மி.மீ., வெளியேற்றுக்கு 0.35 மி.மீ. மெனிபோல்ட் கஸ்கற் ஒழுகுகிற எஞ்சினில் எந்தக் கொம்பியூட்டரைப் பூட்டினாலும் அது ஒழுங்காக ஓடாது.

நேர்வரிசை ஆறு எழுதியது:

நல்லூர் அண்ணா சொன்ன சோதனைகளைச் செய்யாமல் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் கேட்டவரின் இரண்டு முறைப்பாடுகளும் காபரேற்றரின் இயல்பிலேயே இருப்பவை. 2எப் எஞ்சினில் உள்ளெடுப்பு மெனிபோல்டும் வெளியேற்று மெனிபோல்டும் ஒரே பக்கத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. எஞ்சினை நிறுத்தியதும் குளிர்ந்த பெற்றோல் வருவது நின்றுவிடுகிறது, கீழேயிருக்கும் இரும்பின் சூடு மட்டும் மேலே ஏறிக்கொண்டேயிருக்கிறது. காபரேற்றரின் மிதவைக் கிண்ணத்தில் தேங்கியிருக்கும் பெற்றோல் கொதித்து மெனிபோல்டுக்குள் வழிகிறது. மலையில் நடப்பது வேறு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்று மெலிந்திருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கு ஏற்ற ஜெற் அங்கேயும் ஏறத்தாழ அதே அளவு பெற்றோலைத்தான் விடுகிறது, ஆகவே கரும்புகை. மெனிபோல்ட் அமுக்கத்தையும் காற்றின் வெப்பநிலையையும் அளந்து பெற்றோலைத் தீர்மானிக்கிற முறைக்கு இந்த இரண்டு தொல்லைகளும் இல்லை.

இனி எந்த வகை என்ற கேள்வி. நேர்வரிசை ஆறில் மெனிபோல்ட் நீளமானது. நடுவிலே பெற்றோல் விடப்படும்போது 3ஆம், 4ஆம் சிலிண்டர்கள் பக்கத்தில் இருக்கின்றன, 1உம் 6உம் தூரத்தில் இருக்கின்றன. ஆவியாகாத துளிகள் குழாய்ச் சுவரில் படிந்து ஓடுவதால் பங்கீடு சமமாக அமைவதில்லை. திறொட்டில் பொடி முறையிலும் பெற்றோல் அதே நடுவிடத்தில்தான் விழுகிறது என்பதால் இந்தக் குறை அப்படியே இருக்கும், துளிகளை ஆவியாக்குவதற்கு மெனிபோல்டின் சூடும் தேவைப்படும். அதை அடைத்துவிடாதீர்கள். தனித்தனி இன்ஜெக்டர் முறையில் பெற்றோல் வால்வுக்கு அருகிலேயே விழுவதால் பங்கீடு சீராகிறது, மெனிபோல்டுக்குச் சூடும் தேவையில்லை. ரொயோட்டா நிறுவனமே 1980களின் பிற்பகுதியில் இதே குடும்பத்து 3எப்-ஈ எஞ்சினை அந்த முறையில்தான் செய்தது.

இன்ஜெக்டரின் அளவைக் கணக்கிட்டே வாங்க வேண்டும். 2எப் தருவது 135 குதிரைவலு. ஒரு குதிரைவலுவுக்கு மணித்தியாலத்துக்கு அரை இறாத்தல் பெற்றோல் என்று வைத்தால் மொத்தம் 67.5 இறாத்தல், அதை ஆறாகப் பிரித்து, இன்ஜெக்டர் 80 வீதத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்ற வரம்பையும் சேர்த்தால், ஒன்றுக்கு 14 இறாத்தல், அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 மில்லிலீற்றர் போதும். பெரிய இன்ஜெக்டர் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிப் பூட்டினால், ஐடிலில் (வாகனம் நிற்க எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும்போது) அது திறந்திருக்க வேண்டிய நேரம் மிகக் குறுகிப்போய் எஞ்சின் நிலையாக நிற்காது.

பழைய மெனிபோல்டில் ஆறு இடத்தில் துளையிட்டு, இன்ஜெக்டர் அமரும் வளையங்களைச் சரியான கோணத்தில் ஒட்டித்தரக்கூடிய லேத் பட்டறை உங்களுக்குக் கைவசம் இருந்தால் தனித்தனி முறைக்குப் போங்கள். இல்லாவிட்டால் திறொட்டில் பொடியே என் தெரிவு: உங்கள் இரண்டு முறைப்பாடுகளும் தீரும், பிடிக்காவிட்டால் ஒரே நாளில் காபரேற்றரைத் திரும்பவும் பூட்டலாம். முழு 3எப்-ஈ எஞ்சினையும் கொழும்புப் பஞ்சிகாவத்தையின் பழைய உதிரிப்பாகக் கடைகளில் தேடிப் பிடிப்பதை நம்பித் திட்டம் போடாதீர்கள். கிடைத்தாலும் வாகனப் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கத்தை மாற்ற வேண்டியிருக்கும்.

கோப்பாய் வாசி எழுதியது:

மிக்க நன்றி. நல்லூர் அண்ணா, தண்டில் ஆட்டம் இருக்கிறது. வெப்பத் தடுப்புக் கட்டை இருக்கிறது. திறொட்டில் பொடி முறையையே எடுக்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் எனது வாகனத்தில் பெற்றோல் தாங்கி வண்டிக்கு உள்ளேயே, முன் இருக்கைக்குக் கீழே இருக்கிறது. மின்சாரப் பம்பை எங்கே வைப்பது? தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டரையும் மாற்ற வேண்டுமா?

பருத்தித்துறை வயரிங் எழுதியது:

தாங்கி உள்ளே இருப்பதால்தான் இந்தக் கேள்விக்கு விரிவாகப் பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. காபரேற்றரின் பம்பு தருவது 0.3 பார் அளவிலான அமுக்கம். திறொட்டில் பொடிக்கு ஏறத்தாழ 1 பார் தேவை, தனித்தனி இன்ஜெக்டருக்கு 3 பார். அந்த அமுக்கத்தில் ஓடும் குழாய் எதுவும் வண்டிக்குள்ளே இருக்கக் கூடாது. எஞ்சினிலிருக்கும் பழைய பம்பை அப்படியே விடுங்கள். அது ஓரிரண்டு லீற்றர் கொள்ளும் ஒரு சிறிய தாங்கியை நிரப்பட்டும். அந்தச் சிறு தாங்கியையும் உயர் அமுக்கப் பம்பையும் வெளியே, சேஸியோடு, சைலன்ஸருக்கு எதிர்ப்பக்கத்தில் பொருத்துங்கள். இன்ஜெக்டரிலிருந்து திரும்பும் பெற்றோல் சிறு தாங்கிக்கும், அதில் மிஞ்சுவது பெரிய தாங்கிக்கும் போக வேண்டும். பெற்றோல் இப்படிச் சுற்றிக்கொண்டேயிருப்பதால்தான் சூடு தேங்குவதில்லை. குழாய் வாங்கும்போது அதன்மேல் 30ஆர்9 என்று அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். காபரேற்றர் வாகனங்களுக்கு விற்கப்படும் 30ஆர்7 குழாய் இன்ஜெக்டர் வேலைக்கானதல்ல.

பம்புக்கான மின்சாரத்தைத் திறப்பிலிருந்து நேரே எடுக்கக் கூடாது. எஞ்சின் சுழல்கிறது என்ற சைகை வந்துகொண்டிருக்கும்வரை மட்டுமே கொம்பியூட்டர் பம்பு ரிலேயை (மின்னால் இயங்கும் சுவிட்சை) இயக்க வேண்டும், அதோடு மோதலில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றும் தொடராக இருக்க வேண்டும். வண்டி கவிழ்ந்து எஞ்சின் நின்ற பின்னரும் பம்பு ஓடிக்கொண்டிருந்தால் என்ன நடக்கும் என்பதை நான் எழுதத் தேவையில்லை.

டிஸ்ரிபியூட்டரை இப்போதைக்குத் தொடாதீர்கள். மெகாஸ்குவேட் போன்ற கொம்பியூட்டர்கள் தீப்பொறிக் கொயிலின் மறை முனையிலிருந்து சுழற்சிச் சைகையை எடுத்துக்கொண்டு பெற்றோலை மட்டும் கட்டுப்படுத்தும். பெற்றோல் பக்கம் சரியாகிய பின்னர், விரும்பினால், கிராங் தண்டின் கப்பியில் பற்சக்கரம் பூட்டித் தீப்பொறியையும் அதனிடம் கொடுக்கலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால், எஞ்சின் இடறும்போது பிழை எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க முடியாது.

எங்கள் கரையோரத்து உப்புக்காற்றில் முதலில் கெடுவது ஏர்த் இணைப்புத்தான். சென்சர்களின் ஏர்த் வயர்கள் அனைத்தையும் கொம்பியூட்டருக்கே கொண்டுபோய், அங்கிருந்து ஒரே தடித்த வயரால் எஞ்சின் புளொக்கில், பெயின்ற் சுரண்டிய இடத்தில் இறுக்குங்கள். வண்டியின் பொடியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொடுத்தால் ஹெட்லைற் போட்டவுடன் கலவை மாறும்.

ரியூனிங்குக்கு (கலவையைச் சரிப்படுத்தும் வேலைக்கு), புகையிலிருந்து கலவையை அளக்கும் வைட்பாண்ட் ஒட்சிசன் சென்சர் இல்லாமல் இறங்க வேண்டாம். சாவகச்சேரி தாண்டி ஆனையிறவு வரைக்கும் ஏ9 வீதி நேராகவும் மட்டமாகவும் இருப்பதால் ஒரே வேகத்தில் நீண்ட தூரம் பிடிக்கலாம். பக்கத்தில் ஒருவர் மடிக்கணினியோடு இருந்து பார்க்கட்டும். ஒரு பங்கு பெற்றோலுக்கு எத்தனை பங்கு காற்று என்ற நிறைக் கணக்கில், சீரான ஓட்டத்தில் 14.7க்கு அருகிலும், முழுத் திறப்பில் 12.5க்கும் 13க்கும் இடையிலும் கலவை வர வேண்டும்.

கடைசியாக, உங்களுடைய மத்தியானப் பிரச்சினையோடு நேரடியாகத் தொடர்புடைய ஒன்று. காற்றின் வெப்பநிலையை அளக்கும் சென்சரைப் பலர் மெனிபோல்டிலேயே துளையிட்டுப் பூட்டிவிடுகிறார்கள். எஞ்சினை நிறுத்திவைத்திருக்கும் நேரத்தில் அந்த இரும்பின் சூடு சென்சருக்கு ஏறிவிடும். மீண்டும் ஸ்ராட் செய்யும்போது, வரும் காற்றே அவ்வளவு சூடானது, மெலிந்தது என்று கொம்பியூட்டர் எண்ணிப் பெற்றோலைக் குறைத்துவிடும், பழைய முறைப்பாடு வேறு காரணத்தால் திரும்பவும் வரும். அதை எயார் கிளீனர் பெட்டிக்குள் பூட்டுங்கள்.