சுவிஸிலை வாடகைக் கார் எடுத்து ஓடின ஆக்கள் இருக்கிறீங்களோ?

கேள்வி (வெள்ளவத்தையிலிருந்து):
ஆவணியிலை சூரிச்சுக்குச் சித்தி வீட்டை போறம். அம்மாவை இன்டர்லாக்கன் பக்கம் காரிலை கூட்டிப்போக ஆசை. காலி வீதியிலை தினமும் ஓடுறனான், ஆனா வலப்பக்கத்தாலை ஓடினதே இல்லை. என்ன ஆயத்தம் செய்யவேணும்?

பதில்:
காலிமுகத்திடலுக்குக் கிட்ட ஆட்டோமொபைல் சங்கத்திலை சர்வதேச அனுமதிப்பத்திரம் எடுங்கோ. எங்கட லைசன்ஸும் கையிலை இருக்கவேணும்.

பதில்:
தங்கச்சி, ஓட்டோ கியர் எண்டு சொல்லியே புக் பண்ணுங்கோ. வாகனம் நிறைஞ்ச ரோட்டிலை பயமில்லை, முன்னுக்குப் போறவைக்குப் பின்னாலை போகலாம். வெறும் ரோட்டிலை இடப்பக்கம் திரும்பேக்கைதான் கை பழைய பக்கத்துக்கு இழுக்கும். அந்த நேரம் அம்மாவை “வலம்” எண்டு சத்தமாச் சொல்லச் சொல்லுங்கோ, உண்மையா உதவும். ரவுண்டபவுட்டிலை இடப்பக்கத்தாலை வாறவைக்கு வழிவிடுங்கோ. பகலிலையும் லைட் கட்டாயம். ஹைவேக்கு 40 பிராங்க் விக்னெட் (ரோட்டுக் கட்டணம் கட்டின அடையாளம்) வேணும், காரிலை இருக்கோ எண்டு சாவி வாங்கேக்கையே கேளுங்கோ. வேகம் ஊருக்குள்ளை 50, வெளியிலை 80, ஹைவேயிலை 120. மலை ரோட்டிலை நீலப் பலகையிலை மஞ்சள் ஊதுகொம்புப் படம் கண்டா, போஸ்ட் பஸ் (தபால்காரரின்ட பயணிகள் பஸ்) ட்ரைவர் காட்டுறபடி ஒதுங்குங்கோ. அந்த வளைவுகளிலை அவைக்குத்தான் முதலிடம்.

பதில்:
டெபாசிட்டுக்கு ஓடுற ஆளின்ட பேரிலேயே கிரெடிட் காட் கேப்பினம். சித்தியின்ட காட்டை நம்பிப் போகாதேங்கோ.