2011 கணக்கெடுப்பு எண்களை இன்றைய மாவட்ட வரைபடத்தில் பொருத்துவது எப்படி?

கேள்வி: புவியியல் மாணவி

வணக்கம். முதுகலை ஆய்வேட்டுக்காகத் தமிழ்நாட்டின் மக்கள் அடர்த்தியை மாவட்டவாரியாகக் காட்டும் வரைபடம் ஒன்றைக் கியூஜிஐஎஸ் மென்பொருளில் உருவாக்கி வருகிறேன். 2011 கணக்கெடுப்பின் அட்டவணையையும் இணையத்தில் கிடைத்த எல்லைக் கோப்பையும் மாவட்டப் பெயரைக் கொண்டு இணைத்தேன். எல்லைக் கோப்பில் 38 மாவட்டங்களும் அட்டவணையில் 32 மாவட்டங்களுமே இருப்பதால், கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், மயிலாடுதுறை ஆகிய, 2011க்குப் பின் உருவான ஆறும் வெறுமையாக நிற்கின்றன. பழைய மாவட்டமான விழுப்புரமும் ஏனோ இணையவில்லை. பழைய மாவட்டத்தின் மக்கள்தொகையைப் பரப்பளவு விகிதத்தில் புதியவற்றுக்குப் பிரித்துக் கொடுப்பது சரியாகுமா?

மறுமொழி 1: வரைபடப் பணியாளர்

பரப்பளவு விகிதத்தில் பிரிக்க வேண்டாம். அப்படிப் பிரித்தால், பழைய விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த கல்வராயன் மலைக் காட்டிலும் உளுந்தூர்பேட்டைச் சமவெளியிலும் மக்கள் ஒரே நெருக்கத்தில் வாழ்வதாக உங்கள் வரைபடம் சொல்லிவிடும்.

விழுப்புரம் இணையாததற்கு எழுத்துக்கூட்டல் காரணமாக இருக்கலாம். ஆங்கிலத்தில் அந்தப் பெயரை ஒற்றை எல் போட்டு எழுதுவோரும் இரட்டை எல் போட்டு எழுதுவோரும் உண்டு. மென்பொருளுக்கு அவை இரண்டு ஊர்கள். ஆகவே பெயரை விட்டுவிட்டு, கணக்கெடுப்புத் துறை வழங்கிய இடக்குறியீட்டைக் கொண்டு இணையுங்கள். 2011இல் மாநிலத்துக்கு 2 இலக்கம், மாவட்டத்துக்கு 3, வட்டத்துக்கு 5, ஊருக்கு 6 என அவை அமைந்தன. வட்டக் குறியீடுகள் பூச்சியத்தில் தொடங்குகின்றன. விரிதாளில் அந்தப் பத்தியை எண்ணாகத் திறந்தால் பூச்சியம் உதிர்ந்துவிடும், இணைப்பும் பிழையாகும். தொடக்கத்திலேயே அதை உரை வகையாக அறிவித்துவிடுங்கள்.

புதிய மாவட்டங்களுக்கான எண்களைக் கீழிருந்து மேலாகக் கூட்டித்தான் பெற வேண்டும். வட்டங்களைக் கூட்டினால் போதும் என்று முதலில் தோன்றும். ஆனால் 2011இன் திருக்கோயிலூர் வட்டத்தில் இருந்த ஊர்களில் ஒரு பகுதி பின்னர் கண்டாச்சிபுரம் வட்டத்தோடு விழுப்புரம் மாவட்டத்திலேயே தங்கிவிட்டது. எஞ்சியவை விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குப் போயின. அத்தகைய இடங்களில் ஊர் அளவுக்கு இறங்கி, ஒவ்வோர் ஊரும் இன்று எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று பார்த்து ஒதுக்குவதைத் தவிர வேறு வழியில்லை. அதற்கு நேரமில்லையென்றால், 2011இன் 32 மாவட்ட எல்லைகளிலேயே வரைந்து, ஆண்டைத் தலைப்பில் தெளிவாக எழுதிவிடுங்கள். அதுவும் முழுமையான, நேர்மையான வரைபடமே.

மறுமொழி 2: நகரத் திட்டமிடல் ஆய்வாளர்

மேலே சொன்னதோடு சென்னையையும் கவனியுங்கள். அங்கே வெற்றிடம் தோன்றாது என்பதால் பிழை கண்ணில் படாமலே போய்விடும். 2011 கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை 46,46,732. அப்போதைய பரப்பு ஏறத்தாழ 175 சதுர கிலோமீட்டர். 2018இல் மாவட்ட எல்லை விரிவாக்கப்பட்டு, மாநகராட்சியின் 426 சதுர கிலோமீட்டரோடு ஒன்றானது. உங்கள் கோப்பிலிருக்கும் புதிய எல்லையின் பரப்பால் பழைய மக்கள்தொகையை வகுத்தால் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 10,900 பேர் அளவில் வரும். உண்மையில் அது 26,500க்கு மேல். பெயரும் பொருந்தி, குறியீடும் பொருந்தி, விடை மட்டும் பாதிக்கும் கீழாகக் குறைந்து நிற்கும்.

பரப்பளவை நீங்களே கணக்கிடுவதானால் ஆயவீச்சை, அதாவது வளைந்த புவிப்பரப்பைத் தட்டையான வரைபடமாக்கும் முறையைப் பாருங்கள். உலகை நெடுவாக்கில் மண்டலங்களாகப் பிரிக்கும் யூடிஎம் வீச்சில் தமிழ்நாடு 43, 44 ஆகிய இரு மண்டலங்களிலும் விழுகிறது: கோயம்புத்தூர் ஒன்றில், மதுரை மற்றொன்றில். மாநிலம் முழுவதற்கும், பரப்பளவைத் திரிக்காத சமபரப்பு வீச்சு ஒன்றைத் தேர்வதே நல்லது.

மறுமொழி 3: ஓய்வுபெற்ற ஆசிரியர்

கணிப்பொறி வரைபடம் எனக்குப் பழக்கமில்லை. 2011 கணக்கெடுப்பில் கணக்கெடுப்பாளராகப் பணியாற்றியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். வீட்டுப் பட்டியல் எடுக்கும்போது எங்கள் தொகுதியின், அதாவது ஒரு கணக்கெடுப்பாளருக்கு ஒதுக்கப்பட்ட பகுதியின், அமைப்பு வரைபடத்தை நாங்களே கையால் வரைந்தோம். உறுதியான கட்டடத்துக்குச் சதுரம், கூரை வீட்டுக்கு முக்கோணம். குடியிருப்பு அல்லாதவை என்றால் உள்ளே கோடிட்டு நிரப்ப வேண்டும். எனக்கு ஒதுக்கப்பட்ட தொகுதியின் ஓர் எல்லையாக வாய்க்கால் ஒன்றைக் குறித்திருந்தார்கள். வாய்க்கால் தூர்ந்து, அதன்மேல் ஏழு வீடுகள் எழும்பியிருந்தன. அடுத்த தொகுதிக்காரர் அவை என்னுடையவை என்றார். நான் அவருடையவை என்று நினைத்திருந்தேன். இருவரும் சேர்ந்து நடந்து பார்த்து, ஒரே தாளில் வரைந்த பிறகே அந்த ஏழு குடும்பங்களும் கணக்கில் வந்தன.

2027 கணக்கெடுப்பில் தொகுதிகளை இணைய வரைபடத்தில் வகுத்து, கட்டடங்களுக்கு இருப்பிடத்தைக் காட்டும் புவிக்குறியீடு இடும் ஏற்பாட்டை மனமார வரவேற்கிறேன். ஆனால் ஒரு கூரைக்குக் கீழே எத்தனை அடுப்பு எரிகிறது என்பது மேலிருந்து எடுத்த படத்தில் தெரியாது. கதவைத் தட்டித்தான் கேட்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. சென்னைக்கு நான் 426 சதுர கிலோமீட்டரையே எடுத்திருந்தேன், இப்போது திருத்திவிட்டேன். முதன்மை வரைபடத்தை 2011 எல்லைகளிலேயே வைத்துக்கொண்டு, பழைய விழுப்புரத்தை மட்டும் ஊர்வாரியாகப் பிரித்துத் தனி இணைப்பாகச் சேர்க்க முடிவு செய்திருக்கிறேன். திருக்கோயிலூரின் ஊர்ப் பட்டியலிலிருந்து இன்று தொடங்குகிறேன்.