ஈரலில் கவ்வி போட முன்னம் எந்த மயக்க மருந்து?

வெள்ளவத்தை:
ஈரல் காயத்தில் குருதிப்போக்கை நிறுத்த, ஈரலுக்குக் குருதி கொண்டுபோகும் வாயினாளத்தையும் ஈரல் நாடியையும் ஒன்றாக இறுக்கிப் பிடிக்கிற முறையை பிரிங்கிள் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1908இல் எழுதினார். இன்றைக்கு ஈரல் வெட்டும்போதும் அதுதான், கவ்வி போட்டு 15 நிமிடம் இறுக்கி 5 நிமிடம் தளர்த்துகிறோம். இறுக்கியிருக்கும்போது கலம் பட்டினி கிடக்கும். தளர்த்தியதும் குருதியோடு வரும் ஒட்சிசன்தான் மிச்சச் சேதத்தைச் செய்யும்: கலத்துக்குள் இருக்கும் இழைமணிகள் கலத்தைச் சிதைக்கும் சுயாதீன மூலிகங்களைக் கக்கும், ஈரலின் எதிர்ப்புக் கலங்களான குப்ஃபர் கலங்கள் கிளர்ந்தெழும், நுண்குழாய்கள் வீங்கி அடைபடும். மறுநாள் ஈரல் சேதத்தைக் காட்டும் ஏ.எல்.டி. நொதியம் குருதியில் ஏறிக் கிடக்கும். மூச்சோடு கொடுக்கிற வாயு மயக்க மருந்தான செவோஃபுளூரேன் இதைக் குறைக்குது எண்டு சொல்வதில் எவ்வளவு உண்மை?

தெகிவளை:
உண்மை இருக்கு, எல்லையும் இருக்கு. 2008இல் வெளிவந்த சூரிச் ஆய்வில் 64 நோயாளிகள். எல்லாருக்கும் நாளத்தில் ஏற்றும் மயக்க மருந்தான புரோபோஃபோல், ஒரு பகுதியினருக்கு மட்டும், கவ்வி போட 30 நிமிடம் முன்னம் அதை நிறுத்தி செவோஃபுளூரேன். அவர்களின் உச்ச ஏ.எல்.டி. குறைவு, சிக்கல்களும் குறைவு. கொழுப்பு ஈரல்காரருக்குப் பலன் கூட. ஆனால் அதே குழுவினரின் 2015 ஈரல் மாற்று ஆய்வில் இரண்டு மருந்துக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. வாயு மருந்து நைத்திரிக் ஒட்சைட்டைத் தூண்டி, கலத்தை முன்கூட்டியே சிறிய அதிர்ச்சிக்குப் பழக்குது எண்டது விளக்கம். புரோபோஃபோலும் சும்மா இல்லை, அதன் பீனோல் அமைப்பு விற்றமின் ஈ போல மூலிகங்களைத் தணிக்கும்.

கொட்டாஞ்சேனை:
புரோபோஃபோலிலிருந்து செவோவுக்கு மாற்றுகிற நேரத்தில்தான் பிழை விடுவினம். புரோபோஃபோல் பம்பை முதலே நிறுத்தாதேங்கோ. புது வாயு ஓட்டத்தை நிமிடத்துக்கு 4–6 லீற்றராக்கி, வெளிமூச்சில் செவோவின் அளவு 40 வயதுக்காரருக்கு ஏறத்தாழ 2% வந்த பிறகு பம்பை நிறுத்தி, ஓட்டத்தையும் இறக்குங்கோ. வயசாளிகளுக்கு அளவு குறைய வேணும். செவோவின் மஞ்சள் நிற ஆவியாக்கியில் மருந்து போதிய மட்டத்தில் இருக்குதா எண்டு முன்கூட்டியே பாருங்கோ. கவ்வி போட்ட நேரத்தைப் பலகையில் எழுதுங்கோ, வாயால் சொன்னது ஐந்து நிமிடத்தில் மறந்துபோகும்.

வெள்ளவத்தை:
குருதியழுத்தம் விழுந்தால்?

கொட்டாஞ்சேனை:
விழும், அதுதான் வில்லங்கம். குருதிக்கசிவு குறைய இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய நாளங்களின் அழுத்தத்தை (மைய நாள அழுத்தம்) 5 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே வைத்திருக்கிறோம், அதற்கு மேல் செவோவும் நாளங்களை விரிக்கும். சராசரி நாடியழுத்தம் 65க்குக் கீழ் போனால் மிச்ச ஈரலுக்கே குருதி பத்தாது, பாதுகாப்புக்குக் கொடுத்த மருந்தே பாதிப்பாகும். சேலைன் ஊற்றி நிரப்பாமல் நாளங்களை இறுக்கும் நோரட்ரினலின் மருந்தைக் கொஞ்சமாக ஓடவிடுங்கோ. வெளிமூச்சுக் காபனீரொட்சைட் திடீரெண்டு சரிந்தால் நாளத்துக்குள்ளே காற்றுப் போயிருக்கலாம். உடனே சத்திரசிகிச்சை நிபுணருக்குச் சொல்லி, வெட்டிய இடத்தை அழுத்திச் சேலைனால் மூடவேணும்.

பம்பலப்பிட்டி:
வாயு மருந்தே ஈரலைக் கெடுக்கும் எண்டு சிலர் பயப்படுகினம். அந்தப் பயம் ஹலோத்தேன் எண்ட பழைய வாயு மருந்துக் காலத்து மிச்சம். அதில் ஏறத்தாழ 20% ஈரலில் உடைந்து ட்ரைஃபுளோரோ அசற்றைல் சேர்மமாகி, உடம்பின் எதிர்ப்பைக் கிளப்பும். செவோ 2–5% தான் உடையும், அந்தச் சேர்மமும் உண்டாகாது. ஆனால் குடும்பத்தில் ஆருக்கும் மயக்கத்தின்போது கடுங்காய்ச்சல், தசை இறுக்கம் வந்த கதை இருந்தால் வாயு மருந்து கூடவே கூடாது, அங்கே புரோபோஃபோல்தான்.

தெகிவளை:
இன்னொன்று. ஏ.எல்.டி. குறைந்ததை மட்டும் பார்த்து மகிழாதேங்கோ. பெரிய வெட்டுக்குப் பிறகு 5ஆம் நாள் குருதி உறையும் திறனைக் காட்டும் புரோதுரொம்பின் அளவு 50%க்குக் கீழும், மஞ்சள் காமாலை நிறப்பொருளான பிலிருபின் லீற்றருக்கு 50 மைக்ரோமோலுக்கு மேலும் இருந்தால் ஈரல் கைவிடுகுது எண்டு அர்த்தம், எந்த மருந்தில் மயக்கியிருந்தாலும்.