பார்மிங் சிமுலேட்டர் 22: தீயணைப்புப் பணி மாட் தனி சர்வரில் ஆளுக்கு ஒரு விதமாகத் தெரிகிறது, உதவி தேவை

மலையடிவாரம்:

அனைவருக்கும் வணக்கம். நானும் நண்பர்கள் சிலரும் பார்மிங் சிமுலேட்டர் 22 என்ற விவசாயக் கணினி விளையாட்டின் எர்லென்கிராட் என்ற ஆல்ப்ஸ் மலை வரைபடத்தை, வாடகைக்கு எடுத்த தனி சர்வரில் (ஆட்டத்தை நடத்துவதற்கென்றே உள்ள கணினியில்) விளையாடி வருகிறோம். அறுவடை, உழவு, வைக்கோல் கட்டுதல் ஆகிய ஒப்பந்தப் பணிகளோடு தீயணைப்பையும் மீட்பையும் சேர்க்க வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் விருப்பம். ஆல்ப்ஸ் மலைக் கிராமங்களில் ஊர்க்காரர்களே தன்னார்வத் தீயணைப்பாளர்களாக இருப்பதால், அந்த வரைபடத்துக்கு இது நன்றாகப் பொருந்தும் என்று எண்ணி லூவா என்ற நிரல்மொழியில் ஒரு மாட் (விளையாட்டோடு சேர்க்கும் கூடுதல் நிரல்) எழுதத் தொடங்கினேன்.

அறுவடை முடிந்த வயலில் ஏதோ ஓரிடத்தில் தீப்பிடிக்கும்; அதன் வலு 100-இல் தொடங்கும்; தீயணைப்பு வண்டி நீர் பாய்ச்சப் பாய்ச்ச அது குறைந்து, சுழியத்தை எட்டியதும் பண்ணைக் கணக்கில் ஊதியம் சேரும். என் கணினியிலேயே ஆட்டத்தைத் தொடங்கி நான் மட்டும் சோதிக்கும்போது எல்லாம் சரியாக நடக்கிறது. தனி சர்வருக்கு மாற்றியதும், ஒருவருக்கு ஆற்றங்கரை வயலிலும் இன்னொருவருக்கு மேட்டு வயலிலும் தீ தெரிகிறது. ஒருவர் அணைத்த தீ மற்றவர் திரையில் எரிந்துகொண்டே இருக்கிறது. பிறகு வந்து சேர்பவருக்குத் தீயே தெரிவதில்லை. விளையாட்டின் நிகழ்வுகள் பதிவாகும் லாக் கோப்பில் பிழை எதுவும் பதிவாகவில்லை என்பதால் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று தெரியவில்லை. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டினால் பெரிதும் நன்றியுடையவனாக இருப்பேன்.

லூவாக்காரன்:

வணக்கம் நண்பரே. நீங்கள் சொன்ன அறிகுறிகள் அனைத்துக்கும் வேர் ஒன்றுதான். உங்கள் கணினியிலேயே ஆட்டத்தைத் தொடங்கும்போது அந்தக் கணினி ஒரே நேரத்தில் சர்வராகவும் (ஆட்டத்தை நடத்துவது) கிளையன்டாகவும் (அதில் இணைந்து விளையாடுவது) இருக்கிறது. இஸ் சர்வர், இஸ் கிளையன்ட் ஆகிய இரண்டு மாறிகளும் உண்மை என்றே சொல்லும். ஆகவே எந்த வரியை எந்தப் பக்கத்துக்கு எழுதினாலும் அது ஓடிவிடும். தனி சர்வரில் அந்த இரண்டும் பிரிந்துவிடுகின்றன: சர்வருக்குத் திரை இல்லை, கிளையன்டுக்கு அதிகாரம் இல்லை. ஒவ்வொரு கணினியும் தனித்தனியே, ஏதோ ஓர் எண்ணைத் தரும் மேத் ராண்டமை அழைத்துத் தீக்கு இடம் தேர்ந்தெடுப்பதால்தான் ஆளுக்கொரு வயல் எரிகிறது. லாக்கில் பிழை இல்லாததற்கும் இதுவே காரணம். லூவாவின் கண்ணில் தவறு எதுவும் நடக்கவில்லை.

தீ எங்கே, எப்போது, எவ்வளவு வலுவுடன் என்பதைச் சர்வர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும். முடிவானதை ஓர் ஈவென்டாக (கணினிகளுக்கிடையே போகும் செய்தியாக) எல்லோருக்கும் அனுப்புங்கள். அதைப் பெறும் கிளையன்ட் புகையையும் சுடரையும் ஒலியையும் காட்டினால் போதும். எதிர்த் திசையில் கிளையன்ட் சொல்ல வேண்டியது "நான் நீர் பாய்ச்சத் தொடங்கினேன்", "நிறுத்தினேன்" என்ற இரண்டு செய்திகள்தான், அதற்கு ஒரே ஒரு பிட் (0 அல்லது 1 என்ற மிகச் சிறிய தகவல் அலகு) போதும். "தீயின் வலு இப்போது 40" என்று கிளையன்ட் சொல்லும் நிலைக்கு இடம் கொடுக்காதீர்கள். இருவர் ஒரே தீயில் நீர் பாய்ச்சும்போது இரு கணக்குகள் மோதும். டேங்கின் நீர்மட்டத்தைக் குறைப்பதும் பண்ணைக் கணக்கில் பணம் சேர்ப்பதும் சர்வர் பக்கத்தில் மட்டுமே நடக்க வேண்டும்.

பிறகு வந்து சேர்பவரின் சிக்கல் தனியானது. ஈவென்ட் என்பது அனுப்பிய கணத்தில் இணைந்திருந்தவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். ஆகவே விளையாட்டின் எஃப்எஸ் பேஸ் மிஷன் பகுதியில் உள்ள, புதிதாக இணைபவருக்குத் தொடக்க நிலையை அனுப்பும் சென்ட் இனிஷியல் கிளையன்ட் ஸ்டேட் செயற்கூற்றின் பின்னால் உங்கள் செயற்கூற்றைச் சேர்த்து, அந்த நேரத்தில் எரிந்துகொண்டிருக்கும் தீக்கள் அனைத்தையும் புதிதாக வந்தவரின் இணைப்புக்கு மட்டும் அனுப்புங்கள்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்டேட் செயற்கூறு ஒவ்வொரு முறை ஓடும்போதும் தீயின் வலுவை ஒரே அளவில் கூட்டினால், வேகமான கணினியில் தீ வேகமாகப் பரவும். அங்கே கிடைக்கும் டிடி மதிப்பு, அதாவது முந்தைய ஓட்டத்துக்குப் பின் கடந்த நேரம், மில்லிநொடியில் இருக்கிறது. கூட்டும் அளவை அந்த மதிப்பால் பெருக்கிய பிறகே கூட்டுங்கள்.

நீர்த்தூவி:

ஸ்கிரிப்ட் பற்றி மேலே உள்ளவர் சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. நான் தெற்கு ஜெர்மனியில் ஒரு கிராமத்துத் தன்னார்வப் படையில் இருப்பவன். பணியின் அமைப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் இதைச் சரியாக அமைத்தால்தான் பலர் சேர்ந்து விளையாடுவதற்குப் பொருள் இருக்கும்.

இங்கே பரவலாக உள்ள எச்எல்எஃப் 20 வகைத் தீயணைப்பு வண்டியின் டேங்க், தர விதிப்படி குறைந்தது 1600 லிட்டர் கொள்ள வேண்டும். அதன் பம்ப் 10 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 2000 லிட்டர் தள்ளக்கூடியது. முழு அளவில் ஓடவிட்டால் டேங்க் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. அருகில் குழாய் இணைப்பு இல்லாத வயலில் தீயை அணைக்க முடியுமா என்பது நீரைக் கொண்டுவந்து சேர்ப்பவர்களைப் பொறுத்தது. அதனால்தான் வறண்ட கோடையில் இங்குள்ள விவசாயிகள் தங்கள் சாணிக்கரைசல் டேங்கர்களைக் கழுவி, நீர் நிரப்பித் தயாராக வைத்திருக்கிறார்கள். ஒரு டேங்கரில் பத்தாயிரம் லிட்டருக்கு மேல் கொண்டுவர முடியும். உங்கள் மாட்டில் அந்த டேங்கர்களின் நிரப்பு வகையில் (எதையெல்லாம் நிரப்பலாம் என்ற பட்டியலில்) நீரையும் சேர்த்துவிடுங்கள். ஒருவர் ஹோஸைப் பிடிக்க, இருவர் ஏரிக்கும் வயலுக்கும் இடையே ஓட்டம் போடும் ஆட்டம், வண்டியை நிறுத்தி விசையை அழுத்திக்கொண்டிருப்பதைவிடப் பல மடங்கு சுவையாக இருக்கும்.

அரிதாளில் தீ ஓடும்போது இன்னொரு வேலையும் டிராக்டர்காரர்களுடையதுதான். சட்டிக்கலப்பையைக் காற்றின் போக்கில் தீக்கு முன்னால் ஓட்டி, எரிய ஒன்றுமில்லாத மண்பட்டை ஒன்றை உருவாக்குவார்கள். விளையாட்டு ஏற்கெனவே ஒவ்வொரு துண்டு நிலமும் உழப்பட்டதா, விதைக்கப்பட்டதா என்று பதிவு செய்து வைத்திருக்கிறது. தீ அடுத்த துண்டுக்குத் தாவும் முன் சர்வர் அந்தப் பதிவைப் பார்த்து, உழப்பட்டிருந்தால் தாவலைத் தடுக்கலாம். நீங்கள் புதிதாக எந்தக் கருவியும் வடிவமைக்க வேண்டியதில்லை.

வைக்கோல் களஞ்சியத்தையும் விட்டுவிடாதீர்கள். ஈரம் காயாமல் அடுக்கிய புல் உள்ளேயே சூடேறும். நீண்ட வெப்பமானியைச் செருகிப் பார்த்து, 70 பாகை செல்சியஸைத் தாண்டியிருந்தால் இங்கே அவசர எண்ணான 112-ஐ அழைக்க வேண்டும். அழைத்தவர் தானாகக் கட்டுகளை இழுத்து வெளியே போடக் கூடாது, காற்று புகுந்ததும் பற்றிக்கொள்ளும். நீர் தயாரான பிறகு, நீளும் கையுள்ள தூக்கு வண்டியான டெலிஹேண்ட்லரால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். வரிசை தவறினால் தீப்பிடிப்பதாக இதை நீங்கள் அமைக்கலாம்.

மலையடிவாரம்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. லூவாக்காரன் சொன்னபடி முடிவெடுக்கும் பகுதி முழுவதையும் சர்வர் பக்கம் நகர்த்தினேன். இப்போது எல்லோரும் ஒரே வயலில் ஒரே தீயைப் பார்க்கிறோம். தாமதமாக வருபவருக்கும் புகை தெரிகிறது. டேங்கர்களில் நீர் நிரப்புவதும் வேலை செய்கிறது. நேற்று மேட்டு வயல் தீயில் எல்லா டேங்கர்களும் ஒரே ஒற்றையடிப் பாதையில் சிக்கிக்கொண்டு நாங்கள் பட்ட பரபரப்பை, இதுவரை எந்த அறுவடைப் பணியும் தந்ததில்லை.

தீ பரவும்போது மட்டும் ஒரு குழப்பம் மிஞ்சியிருக்கிறது. சிறு தீயாக இருக்கும்வரை சரியாகத்தான் இருக்கிறது. வயல் முழுவதும் பற்றிய பிறகு, வடக்கு மூலையில் நீர் பாய்ச்சினால் தெற்கு மூலையில் அணைகிறது. ஒவ்வொரு தீத்துண்டுக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணை 5 பிட்டில் அனுப்புகிறேன்.

லூவாக்காரன்:

காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். 5 பிட்டில் 0 முதல் 31 வரைதான் அடங்கும். 32 என்ற எண்ணுள்ள தீத்துண்டு மறுமுனையில் 0 ஆகவும், 33 என்பது 1 ஆகவும் போய்ச் சேர்கின்றன. ஆகவே எல்லோரும் முதலில் பற்றிய மூலையைத்தான் அணைத்துக்கொண்டிருக்கிறீர்கள். 8 பிட்டாக்கினால் 255 வரை எண்ணலாம். பரவலுக்கு ஓர் உச்ச வரம்பும் வையுங்கள், வயல் நிறைய சுடர் காட்டினால் பழைய கணினிகள் திணறும். வலுவுக்கு 7 பிட் போதும், 100 அதில் அடங்கிவிடும்.

எழுதும் பக்கத்தில் பிட் எண்ணிக்கையை மாற்றினால் படிக்கும் பக்கத்திலும் உடனே மாற்றுங்கள். அகலமோ வரிசையோ ஓரிடத்தில் பிசகினாலும் அதற்குப் பின்னால் வரும் எல்லாத் தகவலும் தடம் புரண்டு, உங்கள் மாட்டுக்குத் தொடர்பே இல்லாத வேறொன்று பிழை காட்டும். அந்த வகைப் பிழையைத் தேடிக் கண்டுபிடிப்பது மிகவும் கடினம்.

மலையடிவாரம்:

8 பிட்டாக மாற்றியதும் சரியாகிவிட்டது, நன்றி அண்ணா. கடைசியாக ஒரு கேள்வி: தீ எரிந்துகொண்டிருக்கும்போது சர்வரை மறுதொடக்கம் செய்தால் பணியே மறைந்துபோகிறது. இதற்கும் ஈவென்ட் தேவையா?

லூவாக்காரன்:

தேவையில்லை, அது சேமிப்பின் வேலை. ஆட்டம் சேமிக்கப்படும்போது சேமிப்புக் கோப்புறைக்குள் உங்களுடைய எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்றில் ஒவ்வொரு தீத்துண்டின் இடத்தையும் வலுவையும் சர்வர் எழுதட்டும். வரைபடம் ஏறியதும் அதையே படிக்கட்டும். கிளையன்டுகள் அதன் பிறகுதான் இணைவார்கள், நீங்கள் முன்பே எழுதிய தொடக்க நிலைச் செய்தி மீதியைப் பார்த்துக்கொள்ளும். கோப்பு இல்லாவிட்டால் தீ இல்லை என்று எடுத்துக்கொள்ளும்படி எழுதுங்கள், இல்லையெனில் பழைய சேமிப்பைத் திறப்பவருக்குப் பிழை வரும்.