கால்நடை மருத்துவமனை தன் வாசலுக்கு வெளியே ஊருக்காகச் செய்ததில் நீங்கள் பார்த்தது என்ன? அனுபவங்களைச் சொல்லுங்கள்

செல்லப்பிராணி இல்லாதவன்:

என் வீட்டில் நாயும் கிடையாது, பூனையும் கிடையாது. ஆனாலும் இந்த இழையைத் தொடங்குவது நான்தான். காரணம் ஒரு தண்ணீர்க் குழாய்.

பக்கத்து வீட்டுப் பையனைத் தெருநாய் கடித்துவிட்டது. கெண்டைக்காலில் இரண்டு பல் ஆழமாக இறங்கியிருந்தது. பதற்றத்தில் முதலில் கண்ணில் பட்ட மருத்துவமனைப் பலகையைப் பார்த்து உள்ளே ஓடினேன். கையில் முயலோடு ஒருவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் அது கால்நடை மருத்துவமனை என்றே புரிந்தது. திரும்பப் போனேன். டாக்டரம்மா விடவில்லை. "மனுஷங்களுக்கு ஊசி போட எனக்கு அனுமதி இல்லை. சோப்புப் போட்டுக் கழுவ யாருக்கும் அனுமதி வேண்டாம்" என்று பையனைக் குழாயடியில் உட்கார வைத்தார்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து முழுதாக 15 நிமிடம் கழுவினார். எனக்கோ ஒவ்வொரு நிமிடமும் வீணாகப் போவதாகத் தோன்றியது. கழுவிக்கொண்டே அவர் விளக்கினார்: வெறிநோய்க் கிருமியின் மேலுறை கொழுப்பாலானது, சோப்பு அதைக் கரைத்துவிடும், காயத்திலிருந்து கிருமி நரம்பைப் பிடித்து மூளைக்குப் போகும், அதற்குள் தடுப்பூசி வேலை செய்தாக வேண்டும், நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் பிறகு பிழைப்பது அநேகமாக இல்லை. அப்புறம், எந்த நாய், எங்கே, எப்போது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, மனிதர்களுக்கான மருத்துவமனைக்கு உடனே அனுப்பினார். அங்கே பையனுக்குத் தடுப்பூசி தொடங்கினார்கள். காயத்துக்குள் போடும் மருந்தும் போட்டார்கள்.

அடுத்த வாரம் அந்த டாக்டரே ஆட்களோடு எங்கள் தெருவுக்கு வந்துவிட்டார். ஒரு பகுதியிலுள்ள நாய்களில் 70 சதவீதத்துக்காவது தடுப்பூசி போட்டால்தான் நோய்ப் பரவல் அறுபடுமாம். நாங்கள் கேட்டது கடித்த நாயைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்லி. அவர் கேட்டது மீதி நாய்கள் எங்கே தூங்கும் என்று.

உங்கள் பக்கம் எப்படி?

ஐந்தாம் வகுப்பு டீச்சர்:

எங்கள் பள்ளிக்கு ஒரு கால்நடை மருத்துவர் வந்தார். செப்டம்பர் 28, உலக வெறிநோய் தினம். லூயி பாஸ்டர் 1895இல் இறந்த நாள் அது. வெறிநோய்த் தடுப்பூசியை 1885இல் முதன்முதலில் ஒரு சிறுவனுக்குப் போட்டவர் அவர். டாக்டர் இதையெல்லாம் படம் போட்டுத்தான் ஆரம்பித்தார். உள்ளதைச் சொல்கிறேன், பாதி வகுப்பு கொட்டாவி விட்டது.

அவரும் அதைக் கவனித்திருக்க வேண்டும். படத்தை நிறுத்திவிட்டு, பையிலிருந்து ஒரு பொம்மை நாயை எடுத்து மேசையில் வைத்தார். "இது சாப்பிடுது. யார் தொடுவீங்க?" பத்துக் கைகள் உயர்ந்தன. "கடிச்சிடுச்சு" என்றார். தூங்கும் நாய், குட்டியோடு இருக்கும் நாய், கட்டிப்போட்ட நாய் என்று வரிசையாகக் கேட்டு எல்லாரையும் 'கடிக்க' விட்டார். பிறகு மரம் மாதிரி நிற்கப் பழக்கினார்: ஓடக் கூடாது, கத்தக் கூடாது, கைகளை உடம்போடு ஒட்டிவைத்து, நாயின் கண்ணைப் பார்க்காமல் தரையைப் பார்க்க வேண்டும். கீழே விழுந்துவிட்டால் பந்து மாதிரி சுருண்டு, காதையும் கழுத்தையும் கையால் மூடிக்கொள்ள வேண்டும்.

வெறிநோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்படும் விலங்கிடம் கடிபடுபவர்களில் 40 சதவீதம் பேர் 15 வயதுக்குக் கீழானவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அடி வாங்குவோமோ என்று பயந்து கடியை வீட்டில் சொல்லாமல் மறைக்கும் பிள்ளைகள் உண்டு. "சின்னக் கீறல்னாலும் அன்னைக்கே சொல்லணும்" என்பதை மட்டும் அவர் மூன்று முறை சொன்னார். மறுமாதமே ஒரு பெண் குழந்தை என்னிடம் வந்து பாவாடை ஓரத்தை விலக்கி, பழைய கீறல் ஒன்றைக் காட்டினாள்.

ஒன்பது பூனைக்குச் சோறு வைப்பவள்:

எங்கள் குடியிருப்பில் தெருப்பூனைகளுக்குக் கருத்தடை செய்ய ஒரு மருத்துவமனை வாரத்தில் ஒரு காலையை ஒதுக்கித் தந்தது. நான்கு மாதத்துக் குட்டியே சினை பிடித்துவிடும் என்று அவர்கள் சொல்லித்தான் தெரியும். பூனையைப் பிடித்து வேறெங்காவது கொண்டுபோய் விட்டால் என்ன என்று சண்டைக்கு வந்தவர்களையும் அவர்களே உட்கார வைத்துப் பேசினார்கள். சாப்பாடும் ஒதுங்க இடமும் இருக்கிற வரைக்கும் அந்த இடத்துக்கு வேறு பூனைகள் வந்து சேரும். அறுவை செய்து அதே இடத்தில் விட்டால் கூட்டம் பெருகாது.

முதல் கூண்டு திரும்பி வந்தபோது பூனையின் இடது காது நுனி நேராக வெட்டப்பட்டிருந்தது. "காதை அறுத்துட்டாங்களே!" என்று கீழ்வீட்டு அக்கா ஒரே கூச்சல். மயக்கத்தில் இருக்கும்போதே வெட்டும் அடையாளமாம் அது. அதே பூனையை மறுபடி பிடித்து மயக்கம் கொடுத்துவிடக் கூடாதே என்பதற்காக.

அந்த அக்காவே இன்னொரு முறை, அறுவைக்குக் குறித்திருந்த நான்கு பூனைகளுக்கும் விடியற்காலையில் "பாவம், பசிக்குமே" என்று வயிறு முட்டச் சோறு வைத்துவிட்டார். அன்றைய அறுவை மொத்தமும் ரத்து. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. இப்போது முந்தின இரவே எல்லாத் தட்டுகளையும் என் வீட்டில் பூட்டிவைக்கிறேன்.

கசப்போடு ஒருவர்:

எல்லாரும் நல்லதாகவே சொல்கிறீர்கள், சரி. எங்கள் பகுதியில் ஒரு மருத்துவமனை தடுப்பூசி முகாம் போட்டது. பெரிய பதாகை, நிறைய புகைப்படம். நாய்க்குட்டிகளுக்கு ஒரு ஊசி போட்டார்கள், போய்விட்டார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும் வரை ஊசி சரியாக ஏறாது. அதனால்தான் 16 வாரம் ஆகும் வரை சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட வேண்டும். இதை எங்களிடம் யாருமே சொல்லவில்லை. ஊசி போட்டாயிற்றே என்று எல்லாக் குட்டிகளையும் வெளியில் விட்டோம். பார்வோ என்ற குடல் நோய் வந்தது. ஐந்து குட்டிகளில் மிஞ்சியது ஒன்று. அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்குமாம், அதுவும் பிறகுதான் தெரிந்தது. இரண்டாம் ஊசிக்கு வர முடியாதென்றால் அதை ஒரு துண்டுத் தாளில் எழுதியாவது கொடுத்திருக்கலாம்.

முன்பு ஒரு கிளினிக்கில் உதவியாளராக இருந்தவன்:

மேலே எழுதியவர் கோபம் நியாயம். ஆனால் உள்ளே நடப்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இலவச முகாம் நடத்திய மறுநாள் காலை வாசலில் அட்டைப்பெட்டி இருக்கும். உள்ளே கண் திறக்காத குட்டிகள். "இவங்க நல்லவங்க, பார்த்துக்குவாங்க" என்று விட்டுப்போகிறவர்கள். அவற்றுக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பால் கொடுக்க வேண்டும், ராத்திரியிலும். டாக்டர் தன் வீட்டுக்கே எடுத்துப்போவார். ஒரு கட்டத்தில் அவர் முகாமையே நிறுத்திவிட்டார். சலித்துப்போனது என்று வெளியே யாரிடமும் சொல்லவில்லை.

நிறுத்தாத ஒன்று, ரத்தம் கொடுக்கும் நாய்களின் நோட்டு. 25 கிலோவுக்கு மேல், நடுவயது, தடுப்பூசி எல்லாம் போட்டது, சாதுவானது. அப்படிப்பட்ட நாய் எந்த வீட்டில் இருக்கிறது, ராத்திரி கூப்பிட்டால் போனை எடுப்பார்களா என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தோம். நாய்க்கு முதல் முறை ரத்தம் ஏற்றும்போது வேறு வகை ரத்தமும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். பூனைக்கு அது நடக்காது. வகை மாறினால் முதல் தடவையே உயிருக்கு ஆபத்து. அதனால் பூனைக்குத் தனி நோட்டு. ஒரு தடவை நள்ளிரவில், பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீட்டில் ஒன்றின் நாய் லாரியில் அடிபட்டது. நோட்டில் முதல் பெயர் மற்ற வீட்டுடையது. கூப்பிட்டேன். பத்து நிமிடத்தில் அந்த மனிதர் லுங்கியோடு நாயை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அடிபட்ட நாய் பிழைத்தது. அந்த இரண்டு பேரும் பேசிக்கொண்டார்களா என்று கேட்காதீர்கள், அப்படியொன்றும் நடக்கவில்லை.

செல்லப்பிராணி இல்லாதவன்:

கசப்போடு எழுதியவருக்காகத் திரும்ப வந்தேன். எங்கள் டாக்டரம்மாவும் முதல் முறை வந்தபோது எல்லா நாய்களையும் பிடிக்க முடியவில்லை. வலையைக் கண்டதும் பாதி ஓடிவிட்டன. ஊசி போட்ட நாய்களின் முதுகில் சாயம் தீற்றிவிட்டுப் போனார். அதனால் யாருக்கு விட்டுப்போயிற்று என்று எங்களுக்கே தெரிந்தது.

இந்த வருடம் அவர் மறுபடி வருகிறார். கடிபட்ட அந்தப் பையன் ஒரு பள்ளி நோட்டோடு இரண்டு வாரமாகத் தெருத்தெருவாகச் சுற்றுகிறான். போன முறை சாயம் படாத 11 நாய்கள், ஒவ்வொன்றும் மதியம் எந்த வண்டிக்கடியில் படுக்கும் என்பது உட்பட எழுதியிருக்கிறான். அவனைக் கடித்த நாய்க்கு மட்டும் பெயரும் வைத்திருக்கிறான். என்ன பெயர் என்று என்னிடம் சொல்ல மறுக்கிறான்.