பூ மார்க்கெட் படங்களில் முகம் மட்டும் மங்குகிறது: உதவி தேவை

மல்லிச்சரம்:
மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் நேற்று விடியுமுன் எடுத்த நாற்பது படங்களில் பாதிக்கு மேல் முகங்கள் மங்கலாக இருக்கின்றன. கேமராத் திரையில் எல்லாம் நன்றாகவே தெரிந்தன. கணினியில் திறந்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. லென்ஸ் பழுதாகிவிட்டதா? ஞாயிறன்று மீண்டும் செல்ல வேண்டும், விரைந்து சொல்லுங்கள்.

வைகைக்கரை:
எந்த லென்ஸ், அப்பர்ச்சர் (லென்ஸின் துளை அளவு, எஃப் எண்) எவ்வளவு, ஷட்டர் வேகம் என்ன, ஆள் எவ்வளவு தொலைவில் நின்றார்? இவை தெரியாமல் லென்ஸைக் குறை கூற இயலாது.

தெற்குமாசி:
ஏசி அறையிலிருந்து நேராக எடுத்துச் சென்றீர்களா? மார்க்கெட்டின் ஈரக்காற்றில் கண்ணாடி மீது நீராவி படிந்திருக்கும். எனக்குச் சித்திரைத் திருவிழாவில் இதுவே நடந்தது.

பழைய ஃபிலிம்காரன்:
மாதம் ஒருவர் இதே கேள்வியுடன் வருகிறார். கேமரா தானே ஃபோகஸ் செய்யும் ஆட்டோஃபோகஸை நம்புகிறவர்கள் முதலில் அடிப்படையைக் கற்க வேண்டும். 35 மி.மீ. லென்ஸை எஃப்/8-இல் வைத்து 5 மீட்டரில் ஃபோகஸை நிறுத்தினால், இரண்டரை மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை தெளிவாக விழும். அவ்வளவுதான் விஷயம்.

வைகைக்கரை:
ஐயா, அந்தக் கணக்கு ஃபுல் ஃப்ரேமுக்கு, அதாவது 35 மி.மீ. ஃபிலிம் அளவுச் சென்சாருக்கு, உரியது. அதைவிடச் சிறிய கிராப் சென்சாரில் அதே லென்ஸை ஏறத்தாழ 7.7 மீட்டரில் நிறுத்த வேண்டும், தெளிவும் 3.8 மீட்டருக்கு அப்பால்தான் தொடங்கும்.

பழைய ஃபிலிம்காரன்:
எஃப்/8 எந்தச் சென்சாரிலும் எஃப்/8 தான், தம்பி.

வைகைக்கரை:
வெளிச்சத்துக்கு அது சரி. ஆனால் சிறிய சென்சாரின் படத்தை அதே அளவுக்குக் கொண்டுவர அதிகமாகப் பெரிதாக்குகிறோம். ஆகவே பொறுத்துக்கொள்ளக்கூடிய மங்கல் புள்ளியின் அளவு 0.03 மி.மீட்டரிலிருந்து 0.02 ஆகச் சுருங்குகிறது. தவிர, விடியுமுன் எஃப்/8 வைத்தால் ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன் அமைப்பு) எங்கே போய் நிற்கும் என்பதையும் நீங்களே சொல்லுங்கள்.

மல்லிச்சரம்:
கிராப் சென்சார்தான். 50 மி.மீ., எஃப்/1.8, 1/60 நொடி, சுமார் 3 மீட்டர். ஃபோகஸ் புள்ளியைக் கேமராவே தேர்ந்தெடுக்கும். ஏசி அறை எங்கள் வீட்டில் இல்லை.

கீழவாசல்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். நீராவி என்றால் படம் முழுவதும் வெளிறியிருக்கும், முகத்தை மட்டும் அது தேடிப் பிடிக்காது. படத்தை நூறு விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி, எது கூர்மையாக இருக்கிறது என்று தேடுங்கள். முன்னாலிருக்கும் பூக்குவியலோ பின்னாலிருக்கும் சாக்குமூட்டையோ கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறிய இடம் அதுவே. நீங்கள் சொன்ன அமைப்பில் தெளிவு ஆழம் (கூர்மையாக விழும் முன்பின் தூரம்) 26 செ.மீ. அளவுக்குத்தான் இருக்கும், பூ அளப்பவர் சற்றுக் குனிந்தாலே முகம் அதற்கு வெளியே போய்விடும். அவர் நிற்கும் தரையும் தராசும் கூர்மையாக இருந்து, முகம் மட்டும் ஒரு பக்கமாக இழுபட்டிருந்தால் ஆள் அசைந்திருக்கிறார். நடக்கிறவர் 1/60 நொடிக்குள் இரண்டு செ.மீ. நகர்ந்துவிடுவார். எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. ஞாயிறன்று ஒற்றைப் புள்ளியை முகத்தில் வைத்து, எஃப்/4, 1/250 என அமைத்து, ஐ.எஸ்.ஓ. ஏறுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள், ஆழம் ஏறத்தாழ 60 செ.மீ. கிடைக்கும். மணல்மணலாகத் தெரியும் முகத்தைப் பார்க்கலாம், மங்கிய முகத்தை என்ன செய்வது?

பழைய ஃபிலிம்காரன்:
ஃபிலிமில் எடுத்த காலத்தில் இவ்வளவு கணக்கு இல்லை.

தெற்குமாசி:
ஈரத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மல்லிச்சரம்:
பார்த்தேன். பெரும்பாலான படங்களில் முன்னாலிருந்த மல்லிகைக் கூடைதான் கூர்மை, ஏழெட்டில் ஆள் அசைவு. நன்றி.